தையல் ஆறிய பிறகு



உடல் உறுப்பு தானம் பற்றிய நம் சிறப்புப் பக்கங்களுக்கு இன்னும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சிறுநீரகம், கல்லீரல் பற்றிக் கேட்டவர்கள் நேராகக் கேட்டிருந்தார்கள். நுரையீரல் பற்றிய கடிதங்களில் மட்டும் ஒரு தயக்கம். மாற்று அறுவை செய்தால் எத்தனை வருஷம் கிடைக்கும் என்பதை, அப்பாவுக்காக எழுதிய ஒரு மகளால் மூன்றாவது பக்கத்தின் கடைசி வரியில்தான் கேட்க முடிந்திருக்கிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்களே, பிறகு ஏன் மறுபடி இளைப்பு வருகிறது என்ற கேள்வியையும் சிலர் எழுதியிருக்கிறார்கள். இம்முறை இந்தப் பக்கம் முழுவதும் அவர்களுக்காக. நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்தத் துறையில் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தவற்றை, கசப்பானவற்றையும் சேர்த்து, நம் மொழியில் ஒரு இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பாதியை மறைத்தால், கடைசியில் அந்தக் குடும்பம்தான் தனியாக நிற்கும்.

இந்தச் சிகிச்சை இருபது ஆண்டுக் காலம் ஓரடியும் நகராமல் நின்றதற்கு முக்கியக் காரணம் ஒரு தையல். அங்கிருந்து தொடங்குகிறேன்.

1963 ஜூன் 11. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக ஒரு மனிதருக்கு இன்னொருவரின் நுரையீரலைப் பொருத்தினார். நோயாளி 18 நாள் வாழ்ந்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அவர் ஆயுள் தண்டனைக் கைதி. சிறைக்குள் இருக்கும் ஒருவர் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சுதந்திரமானது என்று பின்னாளில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் நாற்பது பேருக்கு மேல் இந்த அறுவையைச் செய்துபார்த்தார்கள். 1968இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் டாக்டர் ஃப்ரிட்ஸ் டெரோமிடம் அறுவை செய்துகொண்ட 23 வயது இளைஞர் 10 மாதம் வாழ்ந்தார். சிலிக்கா தூசியில் நுரையீரலைப் பறிகொடுத்தவர் அவர். அந்தப் பத்து மாதத்தைத் தாண்ட வெகுகாலம் எவராலும் முடியவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் நாள் கணக்கில், வாரக் கணக்கில் போய்விட்டார்கள்.

முதல் வாரத்தைத் தாண்டியவர்களைக் காவுகொண்டது பெரும்பாலும் மூச்சுக்குழாயைத் தைத்த இடம். அறுவையில் மூன்று இணைப்புகள் உண்டு: இதயத்திலிருந்து இரத்தம் வரும் நுரையீரல் தமனி, இரத்தம் திரும்பும் சிரைகள், காற்று போய்வரும் மூச்சுக்குழாய். தமனியும் சிரையும் ஒழுங்காக ஒட்டிக்கொண்டன. மூச்சுக்குழாய்தான் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தையல் பிரிந்து வாயைத் திறந்தது.

காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. மூச்சுக்குழாயின் சுவருக்கு உணவும் உயிர்க்காற்றும் கொண்டுவருவது நுரையீரல் தமனி அல்ல. மகாதமனியிலிருந்து நூல் போலக் கிளம்பும் தனிச் சிறு தமனிகள் அதற்கென்றே இருக்கின்றன. கொடையாளரின் உடலிலிருந்து நுரையீரலை எடுக்கும்போது அவை அறுபடுகின்றன. மிகச் சிறியவை என்பதால் வழக்கமான அறுவையில் இன்றைக்கும் அவற்றை மீண்டும் இணைப்பதில்லை. புதிய இரத்தக்குழாய்கள் முளைத்து வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை, நுரையீரல் தமனியின் நுண்கிளைகள் வழியாகப் பின்னோக்கிக் கசிந்து வரும் இரத்தத்தை நம்பித்தான் மூச்சுக்குழாய் பிழைத்திருக்க வேண்டும். டெல்டா விவசாயிகளுக்குச் சட்டென்று புரியும்: தைத்த இடம் அந்த இரத்தத்துக்குக் கடைமடை. எல்லா இடத்துக்கும் பாய்ந்தது போக மிச்சம்தான் அங்கே வந்து சேரும். மிக நன்றாக ஆற வேண்டிய இடம் அது. மிகக் குறைவாக இரத்தம் வருவதும் அங்கேதான்.

கனடாவில் டொரண்டோ பொது மருத்துவமனையின் டாக்டர் ஜோயல் கூப்பரும் அவருடைய குழுவினரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1978இல் அவர்கள் செய்த ஓர் அறுவையில் நோயாளி மூன்றாவது வாரத்தில் இதே தையல் பிரிந்து இறந்திருந்தார். அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்கள். உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்க அன்று அதிக அளவில் கொடுத்த ஸ்டீராய்டு, தையலை ஆறவிடாமல் தடுப்பதை நாய்களில் செய்த சோதனைகளில் கண்டார்கள். வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை மேலே இழுத்துத் தைத்த இடத்தைச் சுற்றிக் கட்டினால், சில நாட்களிலேயே அங்கே இரத்த ஓட்டம் வருவதையும் கண்டார்கள். நார்வே நாட்டு மலைச் சமவெளி ஒன்றின் மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்ததும் அந்தக் காலத்தில்தான். அது கையில் இருந்ததால், தொடக்க வாரங்களில் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ள முடிந்தது.

1983 நவம்பர் 7. நுரையீரல் நார்போல இறுகிப்போன 58 வயது மனிதர் ஒருவர் டொரண்டோவில் மேசையில் படுத்தார். அதற்கு முன் அறுவை செய்துகொண்டவர்கள் யாரும் நெடுநாள் பிழைக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டே சம்மதித்தவர் அவர். அவருக்குத் தையல் ஆறியது. வீட்டுக்குப் போனார், வேலைக்கும் போனார், ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இந்த வரலாற்றில் அறுவை மருத்துவர்களின் பெயர்கள் இருக்கின்றன. என் மனம் நிற்பது என்னவோ, நாற்பது பேர் போன வழியென்று அறிந்தே படுத்த அந்த மனிதரிடம்தான்.

1986இல் அதே மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு இரண்டு நுரையீரல்களையும் ஒன்றாக மாற்றினார்கள். அவர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அந்த முறையில் தையல் மேலே, பெரிய மூச்சுக்குழாயிலேயே விழுந்தது. இரத்தம் வர இன்னும் நெடுந்தூரம் என்பதால் பலருக்குப் பழைய தொல்லை திரும்பியது. 1990 வாக்கில், இடது வலது இரண்டையும் தனித்தனியாக, நுரையீரலுக்கு நெருக்கமாகத் தைக்கும் முறைக்கு மாறினார்கள். கொடையாளர் பக்கத்து மூச்சுக்குழாயை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டுவது இன்றைய வழக்கம். கொழுப்புத் திரையைச் சுற்றிக் கட்டும் வேலையும் வேண்டியதில்லை என்று ஆயிற்று.

அந்தத் தையல் இன்று பிரிவது அபூர்வம். ஆனால் முழுக்க அடங்கிவிடவில்லை. பெரிய மூச்சுக்குழாயில் சிக்கல் வருவது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடுகிறது. நூற்றுக்கு 2 பேர் முதல் 18 பேர் வரை என்று அறிக்கைகள் சொல்கின்றன. அதிகம் காண்பது குறுக்கம். ஆறும்போது தழும்புத் திசு வளர்ந்து, காற்று போகும் வழி சிறுத்துவிடுகிறது. சிலருக்குக் குழாயின் சுவர் தளர்ந்து, மூச்சை வெளியே விடும்போது உள்வாங்கிக்கொள்கிறது. சிலருக்குத் தைத்த இடத்தில் அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை படிகிறது.

ஆபரேஷனுக்குப் பின் மறுபடி இளைப்பு வருவது ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. குறுக்கம் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே தலைகாட்டுகிறது: படி ஏறினால் இளைப்பு, விடாத இருமல், மூச்சோடு சேர்ந்து ஒரு விசில் சத்தம். மூக்கு அல்லது வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் தெரிந்துவிடும். பலூனை உள்ளே கொண்டுபோய் விரித்து வழியை அகலமாக்குவார்கள். சிலருக்கு ஒரு தடவையோடு சரியாகிவிடும். பலருக்கு மீண்டும் மீண்டும் செய்ய வேண்டிவரும். அப்படியும் நிற்காவிட்டால் ஸ்டென்ட். உலோக வலை ஸ்டென்ட் வைப்பது எளிது. ஆனால் வலைக் கண்களுக்குள் சதை வளர்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. புற்றுநோய் இல்லாத மூச்சுக்குழாய்க் குறுக்கத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் அறிவித்தது. சிலிகான் ஸ்டென்ட்டை எடுத்துவிடலாம், ஆனால் நகரும், சளி அடைக்கும். ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றோடு காத்திருந்து, மயக்க மருந்து வாங்கி, தொண்டைப் புண்ணோடு வீடு திரும்புகிறவர்களை நினைத்துக்கொள்கிறேன். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்தச் சிக்கல் வந்துவிட்டால் அறுவை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. இதனால் உயிருக்கே ஆபத்து வருவது நூறில் ஓரிருவருக்கு அல்லது சற்றுக் கூடுதலானவர்களுக்கு. பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் வழி நிலைபெற்றுவிடுகிறது.

கடினமான இன்னொரு பதில் சிறிய குழாய்களில் இருக்கிறது.

மூச்சுக்குழாய் கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் ஒரு மில்லிமீட்டரும் இல்லாத நுண்குழாய்களாகிறது. 1984இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றிக்கொண்டவர்களிடம் ஒன்றைக் கவனித்தார்கள். நன்றாக இருந்தவர்களுக்குச் சில மாதங்கள், சில வருடங்கள் கழித்து அந்த நுண்குழாய்கள் உள்ளிருந்து தழும்பேறி மூடிக்கொண்டிருந்தன. உடலின் எதிர்ப்புச் சக்தி புது உறுப்பை மெல்ல மெல்ல, ஓசையில்லாமல் நிராகரிப்பதன் விளைவு அது. இப்போது மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'க்ளாட்' என்கிறார்கள். அதற்குள் இரண்டு வகை. நுண்குழாய்கள் அடைபடும் 'பி.ஓ.எஸ்.' அதிகம் காண்பது. நுரையீரலே விரிய மறுத்து இறுகிப்போகும் 'ராஸ்' குறைவு, ஆனால் கொடியது. டொரண்டோ மருத்துவர்கள் 2011இல் அதைத் தனி வகையாகப் பிரித்துச் சொன்னார்கள்.

அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் க்ளாட் வந்துவிடுகிறது. இந்த வாக்கியத்தை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். நேரில் கேட்கத் தயங்கி, நள்ளிரவில் கைபேசியில் தேடிப் பயந்துபோகிறவர்கள் அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

வேறு உறுப்புகளைவிட நுரையீரலுக்கு ஏன் இந்தக் கதி? சிறுநீரகமும் இதயமும் உடம்புக்குள் மூடி இருக்கின்றன. நுரையீரலோ வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. தூசியும் புகையும் கிருமியும் கூடவே போகின்றன. ஒவ்வொரு சளிக்காய்ச்சலும் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. போதாததற்கு, வயிற்று அமிலம் மேலேறி மூச்சுக்குழாயில் கசிவதும், முதல் மாதங்களில் வரும் கடுமையான நிராகரிப்புகளும் பின்னாளைய ஆபத்தைக் கூட்டுகின்றன. காற்று மாசு மிகுந்த இடங்களில் வாழ்வதும் கெடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒருமுறை மூடிய நுண்குழாயைத் திறக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அசித்ரோமைசின் என்ற பழைய ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து கொடுத்தால் சிலருக்கு மூச்சின் அளவு மேலேறுகிறது. இரத்தத்தின் வெள்ளணுக்களை வெளியே எடுத்து, மருந்து கலந்து, புற ஊதா ஒளி காட்டித் திருப்பி ஏற்றும் சிகிச்சை சிலருக்குச் சரிவை நிறுத்துகிறது. மிகச் சிலருக்கு இரண்டாவது மாற்று அறுவை. பெரும்பாலும் இவற்றால் முடிவது சரிவை நிறுத்துவதும் மெதுவாக்குவதும்தான். எனவே எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது.

கண்டுபிடிக்கும் கருவி மிக எளியது. ஆழமாக மூச்சை இழுத்து, ஒரு குழாயில் முழு வேகத்தில் ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எத்தனை லிட்டர் காற்று வெளியே வந்தது என்று பார்ப்பார்கள். அறுவைக்குப் பின் மூன்று வாரமாவது இடைவெளிவிட்டு எடுத்த அளவுகளில் சிறந்த இரண்டின் சராசரிதான் அவருடைய அடிப்படை அளவு. அதிலிருந்து 20 சதவீதம் குறைந்து, வேறு காரணம் எதுவும் இல்லாமல் மூன்று மாதம் அப்படியே நின்றால் க்ளாட் என்று உறுதி செய்கிறார்கள். பெரிய குழாயின் குறுக்கமும் இதே எண்ணைத்தான் கீழே இறக்கும். அதனால்தான் பிராங்கோஸ்கோப்பி செய்து, சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். கையடக்க ஸ்பைரோமீட்டரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு தினமும் ஊதிக் குறித்துவைக்கும்படி பல மருத்துவமனைகளில் சொல்கிறார்கள். 2.8 லிட்டர் இருந்தது 2.5 ஆனால் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. நடக்கலாம், சிரிக்கலாம், கல்யாணத்துக்குப் போய் வரலாம். ஆனால் குறிப்பேட்டில் தெரிந்துவிடும். இளைப்பு வரட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருந்தவர்கள் அதற்குள் திரும்பக் கிடைக்காத நுண்குழாய்களை இழந்திருப்பார்கள்.

அந்த மகளின் கேள்விக்கு வருகிறேன். உலக அளவிலான பதிவேட்டின்படி, 2010 முதல் 2017 வரை அறுவை செய்துகொண்ட பெரியவர்களில் பாதிப் பேர் 6.7 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்கள். 1990களில் இது 4.7 ஆண்டாக இருந்தது. முதல் ஆண்டைக் கடந்துவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், கணக்கு ஒன்பது ஆண்டை ஒட்டி வருகிறது. இதயம், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்குக் கிடைப்பதைவிட இது குறைவுதான். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம்? இந்த அறுவை இல்லாவிட்டால் இரண்டாண்டுக்குள் இறந்துவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் பொதுவாக இதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரின் குழாய் எட்டும் தூரம்தான் உலகம் என்று கிடந்தவர், ஆக்சிஜன் இல்லாமல் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருகிறார். அந்த ஆறேழு ஆண்டுகளில் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடுகிறது. பதிவேட்டில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள் அம்மா. உங்கள் அப்பா எந்தப் பாதியில் இருப்பார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

சுற்றியிருப்பவர்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. உறவினர் வீட்டில் ஒருவர் நுரையீரல் மாற்று அறுவை முடிந்து வந்திருந்தால், உங்களுக்குச் சளி இருக்கும் வாரத்தில் போய்ப் பார்க்காதீர்கள்; போனில் பேசுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று கஷாயமோ லேகியமோ கொண்டுபோகாதீர்கள். அவர் வேளை தவறாமல் விழுங்கும் டாக்ரோலிமஸ் அந்தச் சக்தியை அடக்கத்தான். பம்பளிமாஸ் பழம் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியது. பார்க்கப் போகும்போது வாங்கும் பழங்களில் அது வேண்டாம். தீபாவளி இரவில் அவர் வீட்டு வாசலில் வெடிப்பதைப் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். வேலை தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதம் ஒருநாள் பரிசோதனைக்கு விடுப்பு கேட்டால், ஆபரேஷன் முடிந்து இத்தனை நாள் ஆயிற்றே என்று கேட்காதீர்கள்.

இந்தச் சிகிச்சையில் சென்னைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. இந்தியாவில் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றும் அறுவையை 1999இல் இங்கேதான் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். 2008இல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 2020இல் கொரோனாவால் நுரையீரல் சிதைந்தவர்கள் பிற மாநிலங்களிலிருந்தும் சென்னைக்கு வந்து மாற்று நுரையீரல் பெற்றார்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. நெஞ்சார வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் சிறுநீரகம் போல நுரையீரல் எல்லாக் கொடையாளரிடமும் எடுக்கத்தக்க நிலையில் இருப்பதில்லை. விபத்தில் அடிபட்டிருக்கலாம், வென்டிலேட்டரில் தொற்று ஏறியிருக்கலாம், நீர் கோத்திருக்கலாம். பல நாடுகளில் ஐந்து கொடையாளர்களில் ஒருவரிடம்தான் அதைப் பயன்படுத்த முடிகிறது. உடலுக்கு வெளியே நுரையீரலுக்குக் காற்றும் திரவமும் செலுத்தி, தேறுகிறதா என்று பார்த்துப் பின் பொருத்தும் முறையை ஸ்வீடனின் லுண்ட் நகர மருத்துவர்கள் தொடங்கிவைத்தார்கள். டொரண்டோ குழு அதை வளர்த்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. ஒதுக்கிவைத்த பல நுரையீரல்கள் அதனால் உயிர் காக்கின்றன. செலவு அதிகம்தான். நம் அரசு மருத்துவமனைகளும் அதைப் பெறும் நாள் விரைவில் வர வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அறுவைக்குக் கிடைக்கும் காப்பீட்டு உதவி, வாழ்நாள் முழுதும் வாங்க வேண்டிய மாத்திரைகளுக்கும் பிராங்கோஸ்கோப்பிகளுக்கும் முழுமையாக நீள வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். மாத்திரைக்குப் பணமில்லாமல் வேளை தப்பவிட்டால், ஒரு குடும்பம் கண்ணீரோடு கொடுத்த கொடை வீணாகப் போகும்.

நுரையீரல் பெற்று வாழ்கிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். தினமும் ஊதிக் குறிக்கும் பழக்கத்தை எப்படித் தக்கவைத்தீர்கள், எண் இறங்கிய நாளில் முதலில் யாரை அழைத்தீர்கள், பலூன் சிகிச்சைக்கு முந்தின இரவை எப்படிக் கழித்தீர்கள், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? பெயர் வேண்டாமென்றால் பெயரில்லாமலே வெளியிடுகிறோம். உங்கள் கேள்விகளை நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோய், பதில்களைக் கடிதங்களோடு சேர்த்து அடுத்தடுத்த இதழ்களில் தருகிறோம். மூன்றாவது பக்கத்தின் கடைசி வரிவரை காத்திருக்காமல், கேள்வியை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்